அக்கா கேட்ட பாட்டு தம்பிக்கு எப்படி மனப்பாடம் ஆகிறது?

பத்து வயதுப் பையன். அவன் பிறப்பதற்கு முன்பே வெளிவந்த ஒரு ராக் பாட்டை ஓடவிட்டால், டிரம்ஸ் நுழையும் இடத்தில் பிசகாமல் மேசையில் தட்டுகிறான். பாட்டின் பெயர் தெரியாது. பாடியது யார் என்றும் தெரியாது. பாடச் சொன்னால் பாதி வரிகள் அவனே இட்டுக்கட்டியவை. ஐந்தாறு வயது மூத்த அக்காவோ அண்ணனோ இருக்கும் வீட்டில் இதில் வியப்பு எதுவும் இல்லை. அந்தப் பாட்டைக் கேட்பதற்கென்று அவன் உட்கார்ந்ததே இல்லை. அது காதில் விழுந்துகொண்டே இருந்தது, பெரும்பாலும் ஒரு சுவரைத் தாண்டி.

இசை ரசனையைப் பற்றி எழுதுகிறவர்கள் நேரே மூளைக்குத் தாவிவிடுவார்கள். மூளைக்குள் என்ன போய்ச் சேர்ந்தது என்பதை முதலில் முடிவு செய்தது சுவர்தான். ஆகவே அங்கிருந்து தொடங்குவதே முறை.

சுவர் வடிகட்டுவது

ஒலியியலில் நிறை விதி என்று ஒன்று உண்டு. ஒரு சதுர மீட்டர் சுவரின் எடை இரட்டிப்பானால் ஒலித்தடுப்பு சுமார் 6 டெசிபல் (ஒலி வலிமையின் அளவு) கூடும். ஒலியின் அதிர்வெண் (வினாடிக்கு எத்தனை அதிர்வு; அலகு ஹெர்ட்ஸ்) இரட்டிப்பானாலும் அதே 6 டெசிபல் கூடும். கனமான பொருளை மெதுவாக ஆட்டினால் அசையும், படபடவென்று ஆட்டினால் அசையாது. அதனால் தாழ்ந்த ஒலிகள் சுவரை அசைத்து மறுபக்கம் போய்விடுகின்றன, உயர்ந்த ஒலிகள் நின்றுவிடுகின்றன.

பூச்சோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு 200 கிலோ வரும் நாலரை இஞ்ச் செங்கல் சுவரை எடுத்துக்கொள்வோம். டிரம்ஸில் காலால் மிதிக்கும் பெரிய டிரம்மின் ஒலி 63 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். அங்கே இந்தச் சுவர் 30 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் குறைப்பு 50 முதல் 55 வரை. ஏட்டுக் கணக்குப்படி இன்னும் அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் சில அதிர்வெண்களில் சுவரே நெளிந்து ஒலியைக் கடத்துகிறது, தரையும் கூரையும் பக்கவாட்டில் கடத்துகின்றன. அதனால் நடைமுறையில் இவ்வளவுதான்.

அக்காவின் அறையில் பெரிய டிரம் 85 டெசிபலில் அடிக்கிறது என்றால் அடுத்த அறையில் அது 50-ஐ ஒட்டி வந்து சேரும். 63 ஹெர்ட்ஸில் மனிதக் காது கேட்கத் தொடங்கும் எல்லை சுமார் 37 டெசிபல், எனவே தெளிவாகக் கேட்கும். பாடகரின் ஸ், ஷ், ட் போன்ற மெய்யொலிகளின் ஆற்றல் 4000 ஹெர்ட்ஸைச் சுற்றி இருக்கிறது. அறைக்குள் அவை 65 டெசிபல் என்று வைத்தாலும் மறுபக்கம் மிஞ்சுவது 10 அல்லது 15. அமைதியான இரவில்கூட ஒரு அறையில் 25 முதல் 30 டெசிபல் பின்னணி இரைச்சல் இருக்கும். மெய்யொலிகள் அதற்கடியில் மூழ்கிவிடும்.

ஆக, சுவரைத் தாண்டி வருவது தாளம், பேஸ் கிட்டார், உயிரெழுத்துகளின் மொத்தையான வடிவம் ஆகியவைதான். எலெக்ட்ரிக் கிட்டாரின் கரகரப்பு முழுக்க மேல் சுரங்களில் (அடிச்சுரத்தின் மடங்குகளாகக் கூடவே எழும் உயர்ந்த ஒலிகளில்) இருப்பதால் அது வராது. அண்ணனின் ஹார்ட் ராக் பாட்டைத் தம்பி பல மாதம் ஒரு சாதுவான மெட்டாகவே அறிந்திருப்பான். முதல் முறை ஹெட்ஃபோனில் கேட்டதும் திடுக்கிடுவது இதனால்தான்.

கதவைச் சாத்தினாலும் ஒலி வருகிறதே என்றால், காரணம் அடியில் உள்ள இடுக்கு. 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள கதவின் அடியில் 1 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அது மொத்தப் பரப்பில் 200-இல் ஒரு பங்கு. அந்த இடுக்கு ஒன்றே மொத்தத் தடுப்பைச் சுமார் 23 டெசிபலில் நிறுத்திவிடும். அதன்பின் தேக்குக் கதவு போட்டாலும் பயனில்லை. இடுக்கு வழியே உயர்ந்த ஒலிகளும் நுழையும். அதனால் சுவரோரம் படுத்த தம்பியைவிடக் கதவருகே படுத்த தங்கைக்கு வரிகள் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

படுக்கும் இடம் இன்னொரு விதத்திலும் முக்கியம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.4 மீட்டர் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் ஒலி அங்கே நிலையலையாக நிற்கும். சுவரோரமும் மூலையிலும் பலமாக இருக்கும், அறையின் நடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். ஒரே அறையில் வளர்ந்த இருவர் ஒரே பாட்டின் பேஸை வேறு வேறு அளவில் கேட்டிருப்பார்கள்.

மூளை இட்டு நிரப்புவது

மெய்யொலிகள் வராவிட்டாலும் மூளை சும்மா இருப்பதில்லை. 1970-இல் உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் ஒரு சோதனை செய்தார். பதிவு செய்த பேச்சில் ஒரு எழுத்தின் ஒலியை வெட்டியெடுத்து அந்த இடத்தில் இருமலை ஒட்டினார். கேட்டவர்களுக்கு அந்த எழுத்து கேட்டது. விடுபட்டது எது என்றுகூட அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தெரிந்த மொழியில் இந்த நிரப்பல் பெரும்பாலும் சரியாக அமையும். தெரியாத மொழிப் பாட்டில் நிரப்புவதற்குச் சரியான சொல் கைவசம் இல்லை, அதனால் தெரிந்த சொற்களே அங்கே போய் உட்காரும். சிறுவர்கள் வேற்றுமொழிப் பாட்டுக்குச் சொந்த வரிகள் வைத்திருப்பது குறும்பால் மட்டும் அல்ல. பின்னால் உண்மையான வரியை அச்சில் பார்த்தாலும் பழையது எளிதில் போகாது, ஏனென்றால் நூறு முறை கேட்டபோதும் மூளைக்கு எட்டியது அதுதான்.

அதே நிரப்பல் தாழ்ந்த சுரங்களிலும் நடக்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிரும். போனின் குட்டி ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. ஆனால் 82, 123, 165 என்ற மேல் சுரங்கள் கேட்டால் போதும், அவற்றின் பொதுவான அடிச்சுரத்தை மூளை தானே கணித்து ஒலிக்கவைத்துக்கொள்ளும்.

ஏன் அந்த வயதில்?

திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டாலே ஒன்றின் மேல் விருப்பம் வளர்கிறது என்பதை 1968-இல் உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ் காட்டினார். கவனித்துக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் தடவையே வெறுப்பு தட்டியிருந்தால், திரும்பக் கேட்பது அந்த வெறுப்பைத்தான் வளர்க்கும். தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில் அண்ணன் அலறவிட்ட பாட்டு நாற்பது வயதிலும் எரிச்சலூட்டுவது இந்தக் கணக்கில் வரும். விருப்பமும் ஏறிக்கொண்டே போவதில்லை. ஓரளவுக்குமேல் சலிப்பு வந்து கீழே இறங்கும். எளிய பாட்டு சீக்கிரம் சலிக்கும், சிக்கலான பாட்டு தாமதமாகப் பிடித்து நெடுநாள் நிற்கும்.

திரும்பக் கேட்பது மட்டும் போதும் என்றால் விளம்பரப் பாட்டுகளும் இதே அளவு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். பாட்டு யாரிடமிருந்து வந்தது என்பதும் எடை கூட்டுகிறது. 2016-இல் சாமுவேல் மெஹரும் சக ஆய்வாளர்களும் ஐந்து மாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு புதிய மெட்டைப் பெற்றோர் வீட்டில் பாடிப் பழக்கினார்கள். பிறகு அந்த மெட்டைப் பாடும் ஒரு அந்நியரையும் வேறு மெட்டைப் பாடும் ஒரு அந்நியரையும் காட்டினார்கள். குழந்தைகள் தங்களுக்குத் தெரிந்த மெட்டைப் பாடியவரையே அதிக நேரம் பார்த்தன. அதே மெட்டைப் பொம்மையிடமிருந்து கற்ற குழந்தைகளிடம் அந்தச் சாய்வு இல்லை. பாட்டு ஆளோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது.

அடுத்தது வயதுப் பொருத்தம். மக்கள் பிற்காலத்தில் அதிகம் நினைவுகூரும் பாட்டுகள் ஏறக்குறைய 10 முதல் 20 வயதுக்குள் கேட்டவை. அதற்கு முந்தைய வயதில் சிறுவர்கள் எந்த இசையையும் பெரிதாக ஒதுக்குவதில்லை. டேவிட் ஹார்கிரீவ்ஸ் 1982-இல் அதைத் திறந்த காது என்ற பொருளில் குறிப்பிட்டார். பத்து, பதினொரு வயதை ஒட்டி இது குறையத் தொடங்கும். அக்காவுக்கு 15 என்றால் தம்பிக்கு 9. அவள் தன் பாட்டை வெறித்தனமாகத் திரும்பத் திரும்பப் போடும் ஆண்டுகளும், அவன் எதையும் ஏற்கும் ஆண்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. வயது வித்தியாசம் இரண்டே ஆண்டு என்றால் இருவரும் ஒரே நேரத்தில் சொந்த ரசனை தேடுவார்கள். அங்கே ரேடியோவுக்குச் சண்டைதான் நடக்கும்.

மூத்தவர்களின் இசை இளையவர்களிடம் தங்குவதற்கு அளந்து பார்த்த சான்று ஒன்று உண்டு, பெற்றோர் விஷயத்தில். 2013-இல் கேரல் க்ரம்ஹான்சலும் ஜஸ்டின் ஸுப்னிக்கும் இருபது வயதை ஒட்டிய 62 பேருக்கு 1955 முதல் 2009 வரையிலான அமெரிக்க ஹிட் பாட்டுகளைப் போட்டுக்காட்டினார்கள். சொந்தக் காலப் பாட்டுகள் முன்னே வந்ததில் புதுமை இல்லை. அவர்களின் பெற்றோர் இளைஞர்களாக இருந்த 1980-களின் தொடக்கத்திலும் நினைவும் விருப்பமும் மேடாக உயர்ந்தன. 1960-களிலும் ஒரு மேடு இருந்தது. வீட்டில் யார் கையில் பாட்டுப்பெட்டி இருந்ததோ, அவர்களின் இளமைக்காலம் பிள்ளைகளின் நினைவிலும் பதிந்துவிடுகிறது. அந்தக் கை அக்காவுடையது என்றால் மேடு அக்காவின் ஆண்டுகளில் வரும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

பதிவது பாட்டா, அந்தப் பிரதியா?

பாட்டு என்றால் மெட்டு, மெட்டு நினைவில் இருக்கிறது என்றுதான் பொதுவாக நினைப்போம். அது முழு உண்மை அல்ல. அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவே, சுருதியும் வேகமும் ஒலிநிறமும் (ஒரே சுரத்திலும் கிட்டாரையும் குரலையும் வேறுபடுத்திக் காட்டும் தன்மை) மாறாமல் உள்ளே இருக்கிறது. 1994-இல் டேனியல் லெவிட்டின் 46 பேரைத் தங்களுக்குப் பிடித்த பாப், ராக் பாட்டுகளை நினைவிலிருந்து பாடவைத்தார். இசைப்பயிற்சி நிபந்தனை இல்லை, சுருதி பிடித்துக் கொடுக்கவும் இல்லை. இரண்டு முயற்சிகளில் ஒன்றிலாவது 40 சதவீதத்தினர் மூலப்பதிவின் சுருதியிலேயே தொடங்கினார்கள். அந்தப் பதிவுகளை வைத்துச் செய்த அடுத்த ஆய்வில், பாடியவற்றில் 72 சதவீதம் மூலத்தின் வேகத்திலிருந்து 8 சதவீதத்துக்குள் இருந்தன.

இன்னும் நுணுக்கமான சோதனை க்ளென் ஷெல்லன்பெர்க் குழு 1999-இல் செய்தது. ஹிட் பாட்டுகளிலிருந்து ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கை மட்டும் வெட்டிக் கொடுத்தும், எந்தப் பாட்டு என்று குருட்டு ஊகத்தைவிடச் சிறப்பாகவே சொன்னார்கள். அவ்வளவு சிறு துண்டில் மெட்டே கிடையாது, ஒலிநிறம் மட்டும்தான். உயர்ந்த அதிர்வெண்களை நீக்கியதும் அந்தத் திறமை போய்விட்டது. சுவருக்கு இந்தப்புறம் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தச் சோதனையில் திணறுவார்கள் என்றே தோன்றுகிறது. அவர்களிடம் தாளம் இருக்கும், கிட்டாரின் நிறம் இருக்காது.

இப்போது கேசட்டுக்கு வருவோம். ஒரு தலைமுறைக்கு அக்காவின் இசை என்பது யாரிடமோ வாங்கிப் பிரதி எடுத்த கேசட். நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பதிவு செய்த டெக் (கேசட் கருவி) 2 சதவீதம் மெதுவாக ஓடி, கேட்கும் டெக் 2 சதவீதம் வேகமாக ஓடினால் பாட்டு 4 சதவீதம் வேகமாகும், சுருதியும் ஏறும். கீபோர்டில் கருப்பையும் சேர்த்து அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடைவெளி சுமார் 6 சதவீதம். அதாவது அந்த இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிட்டது. இதையே ஆயிரம் முறை கேட்டு வளர்ந்தவருக்கு, பின்னாளில் இணையத்தில் கிடைக்கும் சரியான பதிவு சோம்பலாகவும் இறங்கியும் ஒலிக்கும். அவர் காதில் பிழை இல்லை.

உயர்ந்த ஒலிகள் மங்குவது வேறு கணக்கு. 10,000 ஹெர்ட்ஸ் ஒலி நாடாவில் வெறும் 4.76 மைக்ரோமீட்டர் நீளத்தில் பதிகிறது. ஸ்டீரியோ தடம் 0.6 மில்லிமீட்டர் அகலம். பதிவு செய்த ஹெட்டுக்கும் (நாடாவைத் தொடும் காந்த முனை) படிக்கும் ஹெட்டுக்கும் சாய்வு கால் டிகிரி வேறுபட்டாலே அந்த உயரத்தில் சுமார் 5 டெசிபல் போய்விடும். பிரதியின் பிரதியில் இது மேலும் சேரும். இரைச்சல் அவ்வளவு மோசமில்லை. ஒரு பிரதிக்கு 3 டெசிபல் கூடும், அடுத்ததற்கு அதிலும் குறைவு.

வரிசையும் பதிவாகிறது. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தலைக்குள் தானாகத் தொடங்கும். 2009-இல் ஒரு ஆய்வில், பழகிய சிடியின் இரு பாட்டுகளுக்கு இடையிலான அமைதியில், அடுத்ததை எதிர்பார்க்கும் மூளைச் செயல்பாட்டை ஸ்கேனில் பார்த்தார்கள். அக்கா தானே கலந்து பதிந்த கேசட்டின் வரிசை வேறெங்கும் கிடையாது. அதனால் அது அந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த எதிர்பார்ப்பு.

வீட்டில் சோதிக்க

சுவரை அளக்க, அடுத்த அறையில் பிங்க் நாய்ஸை (எல்லா அதிர்வெண்களும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டு, ஸ்பெக்ட்ரம் காட்டும் போன் செயலியால் முதலில் அங்கேயும் பிறகு இங்கேயும் அளக்கலாம். தனித்தனி டோன் போடாதீர்கள். நிலையலை காரணமாகப் போனை ஒரு முழம் நகர்த்தினாலே 10 டெசிபல் மாறும். நான்கைந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். செயலி ‘ஏ’ எடையில் (காதின் உணர்திறனுக்கேற்பத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் காட்டும் அமைப்பு) இருந்தால் 63 ஹெர்ட்ஸ் 26 டெசிபல் குறைத்துக் காட்டப்படும், ‘ஸி’ அல்லது ‘இஸட்’டுக்கு மாற்றுங்கள். சில போன்களின் மைக் தாழ்ந்த ஒலியைத் தானாகவே வெட்டும். அதே போனால் இரு பக்கமும் அளந்து வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் அந்தப் பிழை பெரும்பாலும் ரத்தாகும்.

நினைவைச் சோதிக்க, ஆடாசிட்டி போன்ற ஆடியோ எடிட்டரில் பாட்டுக்கு 250 ஹெர்ட்ஸில் லோ-பாஸ் ஃபில்டர் (அந்த அளவுக்கு மேலான ஒலிகளைக் குறைப்பது) போடுங்கள், சரிவு ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல். இளையவரிடமும் மூத்தவரிடமும் தனித்தனியே போட்டுக்காட்டிவிட்டு 500, 1000, 2000 என்று ஏற்றுங்கள். மூத்தவருக்கு முன்பே இளையவர் கண்டுபிடித்தால், அவர் கேட்டது சுவர் வழியே என்று சந்தேகிக்கலாம். கேசட்டுக்கு, சுருதியும் வேகமும் சேர்ந்து மாறும் எஃபெக்டில் இணையப் பதிவை ஒவ்வொரு சதவீதமாக, மைனஸ் 4 முதல் பிளஸ் 4 வரை மாற்றி, வரிசையைக் கலைத்துக் கேட்கச் செய்யுங்கள். எது சரி என்று அவர் சொல்லும் எண்தான் அந்த வீட்டு டெக்குகளின் கூட்டுப் பிழை. சுருதியை மட்டும் மாற்றும் எஃபெக்டைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்தால் விடை குழம்பும், ஏனென்றால் நாடாவில் இரண்டும் பிரிந்து மாறுவதே இல்லை.