பழைய வீட்டுக் கூரையில் சோலார்: கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

ஒழுங்கையில் ஒரு வீட்டில் சோலார் பூட்டினால் போதும், போகிறவர் வருகிறவர் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மாதம் எவ்வளவு வருகுது?" வீட்டுக்காரரும் ஒரு தொகை சொல்வார். அந்தத் தொகையை வைத்து நீங்கள் கடன் எடுக்கப் போகாதீர்கள். அவர் ஒப்பந்தம் எழுதிய ஆண்டு வேறு, நீங்கள் எழுதப் போகும் ஆண்டு வேறு. இலங்கை மின்சார சபை ஒரு யூனிட்டுக்கு என்ன விலை தரும் என்பது ஒப்பந்தம் எழுதும் நாளில் உள்ள வீதப்படிதான் முடிவாகிறது. ஒப்பந்தக் காலம் 20 ஆண்டு.

2016 இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற அரசின் கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது முதல் 7 ஆண்டுக்கு யூனிட்டுக்கு 22 ரூபா, மீதி 13 ஆண்டுக்கு 15 ரூபா 50 சதம் என்று இருந்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 37 ரூபாவுக்கு ஏறியது. 2024 இல் 27 ஆக இறங்கியது. 2025 இல் இன்னும் குறைத்து, 5 கிலோவாற் வரையான கூரைக்கு 20 ரூபா 90 சதம், அதற்கு மேல் 20 கிலோவாற் வரை 19 ரூபா 61 சதம் என்று வகுத்தார்கள்.

இதைக் காசாகப் பார்ப்போம். ஒரு கிலோவாற் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 5 கிலோவாற் என்றால் மாதம் 600 யூனிட். 37 ரூபா வீதத்தில் அது 22,200 ரூபா. 20.90 வீதத்தில் 12,540 ரூபா. அதே தகடு, அதே வெயில், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். வங்கியில் கட்டும் மாதத் தவணை இந்த இரண்டாவது தொகைக்குள் அடங்குமா என்று முதலில் பாருங்கள். அதுவும் முழு ஆண்டுக்கும் ஒரே மாதிரி வராது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வானம் மூடியிருக்கும் மாதங்களில் நன்றாகவே குறையும்.

சரி, எந்தத் திட்டம்? வீடுகளுக்குப் பொருந்துவது மூன்று. இது மானியம் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூட்டும் செலவு முழுக்க உங்களுடையது.

நெற் மீற்றரிங் 2010 இலிருந்து இருக்கிறது. இதில் காசு கைக்கு வராது. மிஞ்சிய யூனிட் அடுத்த மாதத்துக்குப் போகும். நெற் அக்கவுண்டிங்கில் வீட்டுப் பாவனை கழிந்து மிஞ்சியதற்கு வங்கிக் கணக்கில் காசு விழும். நெற் பிளஸ் வேறு வகை: கூரையில் விளைவது முழுவதும் தனி மீற்றர் வழியாகச் சபைக்குப் போகும், நீங்கள் பாவித்ததற்கு வழக்கம்போல் பில் கட்டுவீர்கள்.

காசு வராத திட்டம் எதற்கு என்று நெற் மீற்றரிங்கைப் பலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வீட்டுப் பில் படிப்படியாக ஏறுவது: பாவனை கூடக்கூட யூனிட்டின் விலையும் ஒரு படி ஏறும். மாதம் 180 யூனிட்டைத் தாண்டினால் மேல்படியின் விலை விழும். சோலார் முதலில் வெட்டுவது அந்த மேல்படியைத்தான். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து நின்று, மூன்று அறையிலும் ஏசி ஓடும் வீட்டை நினைத்துப் பாருங்கள். மாசி, பங்குனியில் சேர்த்து வைத்த யூனிட் அந்த மாதத்தில் கழிந்துபோகும். மேல்படி விலை, சபை தரும் விலையை விடக் கூடுதலாக இருக்கும்வரை இது லாபம்தான். மாறாக, வயதான இருவர் மட்டும் இருந்து மாதம் 50 யூனிட் பாவிக்கும் பெரிய வீடு என்றால் நெற் பிளஸைப் பாருங்கள். கீழ்ப்படியில் மலிவாக வாங்கி, கூரையில் விளைவதை முழுதாக விற்கலாம். ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு நெற் அக்கவுண்டிங் போதும்.

எதை எடுத்தாலும் உங்கள் இணைப்பின் அளவுக்கு மேல் சோலார் பூட்ட விடமாட்டார்கள். உங்கள் பகுதி ட்ரான்ஸ்போமரில் இடமும் இருக்க வேண்டும். அதனால் பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்தின் அனுமதி கைக்கு வருமுன் கொம்பனிக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல். பில் யார் பெயரில் வருகிறது? எங்கள் வீட்டில் அப்பா போய்ப் பல ஆண்டு கழித்தும் பில் அவர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. ஒப்பந்தம் எழுத வேண்டியவர் மின் கணக்கின் பெயருக்குரியவர். பெயரை மாற்றக் காணி உறுதியைத் தேட, உறுதியில் அம்மாவின் பெயரோடு கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் பெயரும் நின்றது. அவரிடமிருந்து அற்றோணித் தத்துவம் (அவருக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம்) வந்து சேரத் தகடு பூட்டியதை விடக் கூடுதல் காலம் எடுத்தது. இந்த வேலையை முதலில் தொடங்குங்கள்.

இனிப் பழைய வீடு. கொம்பனி தரும் விலைச்சீட்டில் தகடு, இன்வேட்டர் (தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி), தகட்டைத் தாங்கும் சட்டம், வயர், கூலி எல்லாம் இருக்கும். உங்கள் கூரையின் நிலை அதில் இருக்காது. எங்கள் நாற்சார் வீட்டில் மேசன் ஏறி நாலு ஓட்டைக் கழற்றிவிட்டு, கைமரத்தில் உளியால் மெல்லக் குத்தினார். உளி அப்படியே உள்ளே போனது. வெளியே வைரமாகத் தெரிந்த பனைமரம், உள்ளே கறையான் தின்று மாவாய்க் கிடந்தது. தகட்டின் பாரம் பரவி நிற்பதால் நல்ல மரம் தாங்கும், பயம் காற்றுக்குத்தான். 2020 இல் புரேவிப் புயல் வந்தபோது ஓடுகள் பறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தகடு காற்றை வாங்கும்போது அதன் பிடி ஓட்டில் அல்ல, மரத்தில் இருக்க வேண்டும். ஆகவே கூரை திருத்தும் செலவைப் பட்டியலின் முதல் வரியாக எழுதுங்கள். தகடு ஏறிய பிறகு ஓடு மாற்றுவது இரட்டைச் செலவு.

இரண்டாவது வரி வயரிங். மரப்பட்டிக்குள் ஓடும் பழைய வயரும் துருப்பிடித்த ஏர்த் கம்பியும் இருந்தால் பிரதான பலகையையும் ஏர்த்தையும் புதிதாகச் செய்துவிடுங்கள். எங்களுக்கு ஏர்த் கம்பி இரண்டடிக்குக் கீழ் போகவில்லை, சுண்ணக்கல் தட்டியது. வளவில் மூன்று இடம் பார்த்து, கிணற்றடிப் பக்கத்தில்தான் இறங்கியது. மூன்றாவது, தெற்குப் பக்கத்து வேம்பு. கொப்பு வெட்டினால் போதுமா, மரமே நிழலா என்பதைக் காலை 10 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் கூரையைப் பார்த்து முடிவெடுங்கள். வடமராட்சிக் கரையோரம் இருப்பவர்கள் ஆணி, போல்ற் எல்லாம் துருப்பிடிக்காத எஃகாகக் கேட்டு வாங்குங்கள். உப்புக்காற்று சாதாரண இரும்பை விட்டுவைக்காது.

லண்டனில் இருக்கும் உறவினர் 'ஹீட் பம்ப்பும் சேர்த்துப் போடுங்கோ' என்று சொல்லக்கூடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்புக்கு (வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளும் கருவி) அரசு 7,500 பவுண் தருகிறது. அது அவர்கள் குளிருக்கு. நம் வீட்டு ஏசியும் ஒரு ஹீட் பம்ப்தான், வெப்பத்தை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. ஆகவே ஹீட் பம்ப்புக்குப் போடும் காசைப் பழைய ஏசியை மாற்றி இன்வேட்டர் ஏசி எடுக்கப் பாவிப்பது புத்தி. தண்ணீர் சூடாக்கும் ஹீட் பம்ப் சாதாரண கீசரின் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்களவே எடுக்கும். ஆனால் விருந்தினர் விடுதிக்கு அது பொருந்தும், நாலு பேர் வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. நம் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு குழாயில் படிவதையும் நினையுங்கள்.

மின்வெட்டில் சோலார் வேலை செய்யுமா என்று பலர் கேட்கிறார்கள். பற்றரி இல்லாத சாதாரண இணைப்பில் செய்யாது. லைனில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக இன்வேட்டர் தானாக நின்றுவிடும். அப்புறம், 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பாவனை குறைந்தபோது, பகலில் பிற்பகல் 3 மணி வரை சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. அப்படியான நாட்களையும் கணக்கில் கொஞ்சம் கழியுங்கள். பகல் மின்சாரம் மிஞ்சுவதால்தான் 2025 இல் பற்றரிக்குத் தனி விலை வந்தது: மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை பற்றரியிலிருந்து கொடுக்கும் யூனிட்டுக்கு 45 ரூபா 80 சதம். விலை இழுக்கும். பற்றரியின் ஆயுளையும் மாற்றும் செலவையும் எழுத்தில் வாங்கிய பிறகே அதைத் தொடுங்கள். இன்வேட்டரும் 20 ஆண்டுக்குள் ஒரு தடவையாவது மாறும். மாதம் கொஞ்சம் அதற்காக ஒதுக்குங்கள்.

தகட்டைக் கழுவக் கிணற்றுத் தண்ணீரை அடித்துவிட்டு வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி படியும், பிறகு உரசினாலும் லேசில் போகாது. விடியற்காலையில் கழுவி, உடனே துணியால் ஒற்றி எடுங்கள். மழைத்தண்ணீரைப் பீலியில் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது.