எலிக்கு ஆட்டிசம் வருமா?

"எலி பேசவா செய்கிறது? அதற்கு ஆட்டிசம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எலிக்கு ஆட்டிசம் வருவதில்லை. மனிதர்களில் ஆட்டிசத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணுவை எலியில் முடக்கி, என்ன மாறுகிறது என்று பார்க்கிறார்கள். ஷாங்க்3 மரபணுவை முடக்கிய எலிகள், தோல் புண்ணாகும்வரை முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தன என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. பக்கத்தில் வேறு எலி இருந்தாலும் அவை அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை.

சரி, மூளைக்குள் போவோம். எனக்குப் பிடித்த இடம் அதுதான். பெருமூளைப் புறணியில், அதாவது மூளையின் வெளி அடுக்கில், ஏறக்குறைய ஐந்தில் ஒரு நியூரான் மற்றவற்றை அடக்கும் வேலை பார்ப்பது. அவற்றில் ஒரு வகையில் பார்வால்புமின் என்ற புரதம் இருக்கும். இந்த வகைச் செல் ஒன்றே சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான தூண்டும் நியூரான்களின் உடலையே கொடிபோலப் பற்றியிருக்கும். தூண்டும் நியூரான்கள் துடித்ததும் அது விழித்துக்கொள்ளும். ஓரிரு மில்லிநொடியில் காபா என்ற வேதிப்பொருளைக் கொட்டும். எல்லாம் கப்சிப். காபாவின் பிடி தளர்வது எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில். அதனால் மறுபடி எல்லாம் சேர்ந்தே துடிக்கும், மறுபடி அடக்கம். ஒரு சுற்றுக்கு 25 மில்லிநொடி என்றால் நொடிக்கு 40 துடிப்பு. மூளை அலைகளில் காமா அலை என்று ஒன்றைச் சொல்கிறோமே, அது இதுதான். தாளம் போடுபவர் என்று தனியாக யாரும் இல்லை. வாயை அடைக்கிற செல்லே தாளத்தையும் பிடித்து வைத்திருக்கிறது!

ஆட்டிசத்தோடு தொடர்புள்ள இன்னொரு மரபணுவான சிஎன்டிஎன்ஏபி2 இல்லாத எலிகளில் இந்தச் செல்கள் குறைந்திருந்தன. 2017இல், வளர்ந்த எலிகளின் முன்மூளையில் இச்செல்களை ஒளிக்கு இணங்கும்படி மாற்றி, ஒளியைக் கொண்டு சுறுசுறுப்பாக்கியபோது அவை மற்ற எலிகளிடம் கூடுதலாகப் பழகின. அதற்காகக் காமா கூடினால் நல்லது என்று கிளம்பிவிடக் கூடாது. இயல்பான எலிகளில் தூண்டும் நியூரான்களை ஒளியால் உசுப்பிவிட்டால், காமா வலுத்தது, பழகுவதோ குறைந்தது. 'மூளை அலையைச் சீராக்கி ஆட்டிசத்தைக் குணமாக்குகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த இரண்டாவது சோதனையைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள். பெற்றோரின் தவிப்பைக் காசாக்கும் வியாபாரம் அது.

எலியில் நன்றாக வேலைசெய்த ஆர்பாக்ளோஃபென் என்ற மருந்து, ஆட்டிசத்தோடு தொடர்புள்ள ஃபிராஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறு உள்ளவர்களிடம் நடந்த பெரிய பரிசோதனைகளில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அதைக் காட்டி எலி ஆய்வுக்குப் பணம் தருவதை நிறுத்தச் சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. எலிக்கும் குழந்தைக்கும் ஒரே மாதிரி செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: நொடிக்கு 40 'டிக்' ஒலிகளைக் காதில் போட்டு, புறணி அந்தத் தாளத்தைப் பின்தொடர்கிறதா என்று மின்முனைகளால் பார்ப்பது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சில ஆய்வுகள் அந்தப் பின்தொடரல் பலவீனமாக இருப்பதாகச் சொல்கின்றன. வேறு சில, வித்தியாசமே இல்லை என்கின்றன.