'இன்னைக்கு வேணாம்' என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்

விடிவதற்கு முன்பே அப்பா தண்ணீரோரம் போய் நின்றுவிடுவார். கையில் டீ டம்ளர் இருக்கும். கரையில் ஊன்றிய மூங்கில் கழியில் நீலப் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார், அரை மணி கழித்து மறுபடி வந்து பார்ப்பார். இரண்டுக்கும் நடுவே எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறதோ, அதை வைத்துத்தான் அன்றைக்கு எங்கள் கேனோக்கள் (துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகுகள்) எந்தப் பக்கம் போகும், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் முடிவாகும். சில நாள் திரும்பி நடந்து வரும்போதே தலையை ஆட்டிவிடுவார். அன்றைக்குப் படகு இறங்காது.

சென்னைக்குத் தெற்கே கோவளம் உப்பங்கழியில், முட்டுக்காடு பாலத்துக்கு மேற்கே, வருபவர்கள் கேனோ ஓட்டிப் பார்க்கும் எங்கள் இடம். அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். தம்பி படகுகளின் ஃபைபர் வேலை பார்க்கிறான், அம்மா சமையல், நான் துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். பத்து வருஷத்துக்கு மேலாக இதுதான் எங்கள் வாழ்க்கை. இந்தப் பத்து வருஷத்தில் நான் உறுதியாகக் கற்றது ஒன்று: தண்ணீரில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை கரையிலேயே தொடங்கிவிடுகின்றன. 'இவ்வளவு தூரம் வந்துட்டோம், சும்மா திரும்பிப் போறதா?' என்று கேட்கும் அந்த நிமிஷத்தில்தான்.

பார்ப்பதற்கு முட்டுக்காடு ஏரி மாதிரிதான் இருக்கும். ஆனால் அது ஏரி இல்லை, கடலுக்கு வாய் திறந்த கழி. ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த ஏத்தமும் வத்தமும் கூடுதலாக இருக்கும். சென்னைக் கடலோரத்தில் அந்த நாட்களில்கூட நீர்மட்ட வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். 'ஒரு மீட்டர்தானே' என்று தோன்றும். ஆனால் அவ்வளவு அகலமான கழியின் ஒரு மீட்டர் தண்ணீர் ஒரு குறுகலான முகத்துவாரம் வழியாகத்தானே வெளியே போக வேண்டும்? வத்தத்தின் நடுவில் பாலத்தடியில் நின்று பாருங்கள். தண்ணீர் தூண்களைச் சுற்றிக்கொண்டு ஓடும். கேனோ குறுக்காகப் போய் ஒரு தூணில் சாய்ந்தால் ஓடுகிற தண்ணீரே அதைத் தூணோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எத்தனை கை பலம் இருந்தாலும் எடுக்க முடியாது. அதனால் எங்கள் படகுகள் பாலத்தைத் தாண்டிக் கிழக்கே போவதே இல்லை.

மழைக்காலம் வந்தால் கணக்கே வேறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, தெற்கே ஓடி, இங்கேதான் கடலைச் சேர்கிறது. வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் உங்கள் தெருவில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் பிறகு எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. நகரத்தில் மழை விட்டு, வெயில் அடித்து, மொட்டை மாடியில் துணி காயப்போட்ட பிறகும் இங்கே பல நாட்கள் வெள்ளம் வடிந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில்தான் அதிகமாக ஃபோன் வரும். "மழை நின்னுடுச்சே அக்கா, ஞாயித்துக்கிழமை வரலாமா?" வானம் நீலமாக இருக்கும், தண்ணீர் காப்பி நிறத்தில் மரக்கிளையையும் ஆகாயத்தாமரையையும் இழுத்துக்கொண்டு போகும். வராதீர்கள் என்று சொல்வேன். சிலர் கோபித்துக்கொள்வார்கள்.

காற்றைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் தப்பு செய்தது அதில்தான்.

ஆனி, ஆடியில் காலையில் மேல்காற்று அடிக்கும். நிலத்திலிருந்து கடலைப் பார்க்கப் போகும் காற்று. கரையோரத்தில் நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது, முதுகுக்குப் பின்னால் சவுக்கும் வீடுகளும் மறைத்துக்கொள்ளும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். நூறு மீட்டர் உள்ளே போன பிறகுதான் காற்று படகைப் பிடித்துத் தள்ளும். போகும்போது சுகமாக இருக்கும், துடுப்பே போட வேண்டாம். திரும்பும்போதுதான் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு ஆனி மாதக் காலை. ஏழு மணிக்கு வர வேண்டிய எட்டுப் பேர் ஒன்பதரைக்கு வந்தார்கள். சின்ன வயசு, ஒரே ஆபீஸ். அப்பா மூங்கில் கழியைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேணாம் மா, வத்தம் புடிச்சிடுச்சு, காத்தும் தூக்குது" என்று சொல்லிவிட்டு ஐஸ் வாங்கப் போயிருந்தார். அவர்கள் கெஞ்சினார்கள். "அரை மணி நேரம்தான் அக்கா, ஓரமாவே ஓட்டறோம்." முன்பணம் கொடுத்திருந்தார்கள், அந்த மாதம் எங்களுக்கும் கை இறுக்கம். நான் அனுப்பினேன்.

நான்கு கேனோக்களில் மூன்று ஓரமாகவே இருந்தன. நான்காவது நடுவுக்குப் போனது. காற்றும் வத்தமும் ஒரே திசையில் இழுக்க, நான் கயாக்கில் ஏறித் துரத்துவதற்குள் அது பாலத்தடியைக் கடந்துவிட்டது. தூணில் படாமல் போனது அந்த இரண்டு பேரின் நல்ல நேரம். முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் படகு கவிழ்ந்தது. அங்கே வலை போட்டுக்கொண்டிருந்த பக்கத்து ஊர் அண்ணன்கள் ஃபைபர் படகைத் திருப்பிக்கொண்டு வந்து இருவரையும் தூக்கினார்கள். நான் கிட்டே போனபோது அந்தப் பெண்ணின் லைஃப் ஜாக்கெட் காது வரைக்கும் ஏறி, முகத்தை மூடிக்கொண்டு நின்றது. புழுக்கத்துக்காக வழியில் பக்கிளைத் தளர்த்தியிருக்கிறாள். கரைக்கு வந்தும் வெகுநேரம் அவளால் தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, கை அவ்வளவு நடுங்கியது. அம்மா டம்ளரைப் பிடித்துப் புகட்டினாள். அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று சாயங்காலம் அந்த மூங்கில் கழியை எடுத்துவந்து என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஊன்றினார்.

அதிலிருந்து லைஃப் ஜாக்கெட்டை நானே போட்டுவிடுகிறேன். நீங்கள் எங்கே படகேறினாலும் இதைச் செய்யுங்கள். முதலில் இடுப்புப் பட்டை, அப்புறம் நெஞ்சுப் பட்டை, குழந்தை என்றால் கால் இடுக்கில் போகும் பட்டை கட்டாயம். எல்லாம் மாட்டிய பிறகு யாரையாவது உங்கள் இரண்டு தோள்பட்டையிலும் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். தாடை தாண்டி ஏறினால் அது தளர்வு, அல்லது உங்கள் அளவு இல்லை. உள்பக்கத்து லேபிளையும் பாருங்கள். நியூட்டன் என்பது ஜாக்கெட் எவ்வளவு மிதக்க வைக்கும் என்பதற்கான அளவு. 50 நியூட்டன் என்றிருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கானது. நீந்தத் தெரியாதவருக்கும் குழந்தைக்கும் 100 நியூட்டனாவது வேண்டும், அதற்குத் தலைக்குப் பின்னால் ஒரு மெத்தையும் இருக்கும். தெர்மாகோல் நொறுங்கி மாவாகிப்போன ஜாக்கெட்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஜாக்கெட்டே இல்லை என்றால் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகில் போனவர்களில் 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் 'கொஞ்ச தூரம்தானே' என்று லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தக் கிளம்பாதீர்கள். கவிழ்ந்த கேனோவும் மிதக்கும், தூரத்திலிருந்து தேடுபவர் கண்ணுக்கு உங்கள் தலையைவிட அதுதான் தெரியும். விசில் ஜாக்கெட்டிலேயே கட்டியிருக்கட்டும். ஆழம் குறைவு என்றாலும் எழுந்து நடக்கப் பார்க்காதீர்கள், சேற்றில் கால் புதையும், சிப்பி வெட்டும்.

கரையில் நிற்பவர்களுக்கு ஒன்று. மூழ்குபவர் கையைத் தூக்கி 'காப்பாத்துங்க' என்று கத்துவார் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சுக்கே வாய் போதாதபோது கத்துவது எப்படி? தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் நீங்கள் குதித்துவிடாதீர்கள், பிடித்தவர் உங்களையும் அமுக்கிவிடுவார். எறியுங்கள், நீட்டுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து எறிந்து இரண்டு இளைஞர்களை இழுத்துக் கரைசேர்த்தார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. துடுப்பு, கயிறு, மூடிய காலி கேன், துப்பட்டா, எது கையில் இருக்கிறதோ அது.

வெளியே எடுத்த பிறகு தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் வேண்டாம், நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று விடாமல் தொடர வேண்டும். கூட இருப்பவர் 108-ஐக் கூப்பிடட்டும். கடலில் என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

அன்றைக்கு உதவிய அண்ணன்களோடு எங்களுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. அவர்கள் வலை இருக்கும் பக்கம் எங்கள் படகு போகாது. இறால் சீசனில் வடக்கு ஓரத்தை முழுக்க அவர்களுக்கே விட்டுவிடுவோம். பதிலுக்கு எங்கள் ஆட்கள் கிழக்கே ஒதுங்கினால் அவர்கள் குரல் கொடுப்பார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு ஜூலை 25 அன்று, ஐ.நா. அறிவித்த உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாளில், கயிறு எறியவும் மூச்சு ஊதவும் கற்றுக்கொடுக்கிறோம். கடற்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு நீச்சல் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுத்தவரைக் காப்பாற்றுவதைச் சொல்லித்தான் தர வேண்டும்.

'வேணாம்' என்று சொன்ன நாட்களில் வந்தவர்களைப் பசியோடு அனுப்பும் பழக்கம் அம்மாவிடம் இல்லை. இட்லியும் மீன் குழம்பும் இருக்கும், தென்னை மரத்தடியில் பாய் விரிப்பாள். முன்பணம் அடுத்த வாரத்துக்கு நிற்கும், வேண்டாம் என்றால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவோம். தாம்பரத்திலிருந்து ஒரு குடும்பம், தாத்தாவும் பேரனும் உட்பட ஐந்து பேர், கார்த்திகையில் வந்தார்கள், வெள்ளம். மறு மாதம் வந்தார்கள், வாடை. இரண்டு தடவையும் சாப்பிட்டு, தம்பி படகு ஒட்டுவதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். தையில் மூன்றாவது தடவை வந்தபோது கழியில் தண்ணீர் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. கூழைக்கடாக்கள் நான்கைந்து நடுத்திட்டில் உட்கார்ந்திருந்தன.

தாத்தா ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கேனோவில் காலை வைத்தார். பேரன் அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

"தாத்தா, இருங்க. இந்த அக்கா இன்னும் தூக்கிப் பாக்கல."