இன்ட் எத்தனை பைட்?

வேலைக்கு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது. சி மொழியில் முழு எண்ணை வைக்கும் இன்ட் வகை நினைவகத்தில் எத்தனை பைட்? சிலர் யோசிக்காமல் "ரெண்டு சார்" என்பார்கள். பலர் "நாலு" என்பார்கள். "எந்த மெஷின்ல சார், எந்த கம்பைலர்ல?" என்று, கோடை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருளையும் சேர்த்துத் திருப்பிக் கேட்பவர் எப்போதாவது ஒருவர்தான். அவரிடம் அதற்கு மேல் அதிகம் கேட்க மாட்டேன்.

ரெண்டு என்பவர்கள் தப்பாகப் படித்துவிடவில்லை. கல்லூரி லேபில் அந்த நீலத் திரை டர்போ சி-யில் பழகியவர்கள். அது டாஸ் என்ற பழைய 16 பிட் இயங்குதளத்துக்கான கம்பைலர்; அதில் இன்ட் 2 பைட்தான் (8 பிட் ஒரு பைட்), -32768 முதல் 32767 வரை. நாலு என்பவர்கள் இன்றைய ஜிசிசி கம்பைலரில் பழகியவர்கள். மொழியின் ஸ்டாண்டர்ட் சொல்வதோ வேறு: இன்ட் குறைந்தது 16 பிட், பெரிய எண்களுக்கான லாங் வகை குறைந்தது 32, லாங் லாங் குறைந்தது 64. அந்தக் 'குறைந்தது' என்ற சொல்லை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

போன வருஷம் என் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, மோட்டார் ஆன் ஆகுது, நிக்கவே மாட்டேங்குது." மாடித் தோட்டத்துக்குச் சொட்டுநீர் விட, ஒரு நிமிடம் ஓடி நிற்கும்படி ப்ரோக்ராம் எழுதியிருந்தான். இஎஸ்பி32 என்ற சின்ன கண்ட்ரோலர் போர்டில் அருமையாக ஓடியதாம். அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டு, வீட்டில் சும்மா கிடந்த அர்டுயினோ ஊனோ என்ற இன்னொரு போர்டில் அதே வரிகளை ஏற்றியிருக்கிறான். மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் ரிலேயை இரண்டு முறை மாற்றியும் பார்த்துவிட்டான். தொட்டி காலியானதுதான் மிச்சம்.

கோளாறு ஒரே வரியில் இருந்தது. இத்தனை மில்லி விநாடி காத்திரு என்று சொல்லும் டிலே என்ற ஃபங்ஷனுக்குள் 60 * 1000 என்று எழுதியிருந்தான். ஊனோவில் இருப்பது 8 பிட் சிப்; அதன் கம்பைலரில் இன்ட் 2 பைட். 60, 1000 இரண்டுமே இன்ட் என்பதால் பெருக்கலும் இன்ட் கணக்கிலேயே நடக்கும். 60000 அதில் அடங்காது. சுற்றிக்கொண்டு -5536 ஆகிவிடும். டிலே வாங்கிக்கொள்வதோ மைனஸே தெரியாத, குறியில்லாத 32 பிட் எண். அந்த மைனஸ் எண் அங்கே போய் 4,294,961,760 மில்லி விநாடியாக மாறி நிற்கிறது. கணக்குப் போட்டால் 49 நாள், 17 மணி நேரம். மோட்டார் நிற்காமல் இல்லை, ஏழு வாரம் கழித்து நின்றிருக்கும்!

வேடிக்கை என்னவென்றால், பெருக்காமல் 60000 என்று நேரடியாக எழுதியிருந்தால் தப்பித்திருப்பான். இன்ட்டில் அடங்காத எண் என்று பார்த்து கம்பைலரே அதை லாங்காக எடுத்துக்கொள்ளும். பெருக்கல்தான் வேண்டுமென்றால் 60-க்குப் பின்னால் யுஎல் (குறியில்லாத லாங் என்ற அடையாளம்) சேர்த்தால் போதும். கம்பைலரும் இதை எச்சரிக்கத்தான் செய்கிறது. ஆனால் கோடு எழுதி போர்டில் ஏற்றும் அர்டுயினோ ஐடிஇ-யில் எச்சரிக்கைகளை முதலிலேயே அணைத்து வைத்திருப்பார்கள். செட்டிங்ஸில் போய் நாம்தான் திறந்துவிட வேண்டும்.

சரி, பையனைச் சொல்லிப் பயனில்லை. நாங்களே ஒருமுறை இரண்டு நாள் திண்டாடியிருக்கிறோம். மீட்டர் ரீடிங்குகளை விண்டோஸ் கணினி ஒன்று ஃபைலில் எழுதும், லினக்ஸ் சர்வர் படிக்கும். இரண்டுமே 64 பிட். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆயிரம் ரெக்கார்ட் எழுதினால் சரியாக ஐந்நூறுதான் வந்தது. மீட்டர் எண்ணும் நேரமும் ஒட்டிக்கொண்டு ராட்சத எண்களாகத் தெரிந்தன. நெட்வொர்க்கைத் திட்டினோம், ஃபைலை மறுபடி மறுபடி அனுப்பச் சொன்னோம். கடைசியில் பார்த்தால், ஒரு ரெக்கார்டின் அமைப்பைச் சொல்லும் ஸ்ட்ரக்டில் இருந்த மூன்று ஃபீல்டுமே லாங். 64 பிட் விண்டோஸில் லாங் 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8 பைட். அங்கே 12 பைட்டாக எழுதியதை இங்கே 24 பைட்டாகப் படித்துக்கொண்டிருந்தோம்.

விண்டோஸ்காரர்கள் வேண்டுமென்றே எடுத்த முடிவு அது. லாங் என்றால் 32 பிட் என்று நம்பி எழுதிய பழைய கோடு மலைபோல் கிடந்தது. அதை உடைக்க வேண்டாம் என்று நினைவக முகவரியை வைக்கும் பாயின்டரை மட்டும் 8 பைட்டாக்கினார்கள். யூனிக்ஸ் வழியில் வந்தவர்கள் லாங்கையும் பாயின்டரையும் சேர்த்தே வளர்த்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நடுவில் மாட்டுவது நாம்.

பாயின்டரை இன்ட்டில் போட்டு வைக்கும் பழக்கம் இன்னும் மோசம். 32 பிட் கணினியில் இரண்டும் 4 பைட் என்பதால் ஓடும். 64 பிட்டில் முகவரியின் மேல் பாதி காணாமல் போகும். லாங்கில் போட்டால் லினக்ஸில் பிழைக்கும், விண்டோஸில் பிழைக்காது. ஃபங்ஷன்களின் விவரம் இருக்கும் ஹெடர் ஃபைலைச் சேர்க்க மறந்து, நினைவகத்தில் இடம் வாங்கித் தரும் மால்லாக்கைக் கூப்பிட்டாலும் இதே கதைதான்: பழைய சி விதிப்படி கம்பைலர் அது இன்ட் திருப்பித் தரும் என்று எண்ணிக்கொள்ளும். கிடைத்த முகவரி சின்னதாக இருக்கும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். ப்ரோக்ராம் கஸ்டமர் இடத்தில் போய்த்தான் விழும். 2024-இல் வந்த ஜிசிசி 14 இதை எச்சரிக்கையாக விடாமல் பிழையாகவே நிறுத்துகிறது. இதை இருபது வருஷம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

எங்கள் டீமில் இப்போது ஃபைலுக்கோ நெட்வொர்க்குக்கோ போகும் எதிலும் இன்ட், லாங் கிடையாது. எஸ்டிடிஇன்ட் ஹெடரில் உள்ள, எங்கும் அளவு மாறாத இன்ட்32_டி, இன்ட்64_டி மட்டும்தான். பாயின்டரை எண்ணாக்கியே தீர வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள யுஇன்ட்பிடிஆர்_டி. லூப் கவுண்டருக்கு இன்ட் போட்டால் நான் சண்டைக்குப் போவதில்லை.

பழைய கோடு கைக்கு வந்தால் முதலில் நேரத்தை எதில் வைத்திருக்கிறார்கள் என்று தேடுவேன். 1970-இலிருந்து விநாடிகளை எண்ணும் டைம்_டி இன்னும் 32 பிட்டாக இருந்தால், 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8:44:07-க்கு அது நிரம்பும். அடுத்த விநாடி 1901-க்குப் போய்விடும். போன மாதம் பார்த்த ஒரு கண்ட்ரோலரின் கோட்டிலும் அப்படித்தான் இருந்தது. பதினைந்து வருஷம் உழைக்கும் என்று சொல்லி விற்கப்போகிறார்களாம்.