முந்தானையில் முடிந்த பாதி மாத்திரைகள்

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கத்திலிருந்து சேலத்துக்கு என்னிடம் வரும் ஓர் அம்மா. மகனுக்கு மனச்சிதைவு நோய். எட்டு மாதம் நன்றாக இருந்தவன் கார்த்திகையில் மறுபடியும் தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டான். ராத்திரி தூக்கமே இல்லை.

"மாத்திரை ஒழுங்கா கொடுக்கிறீங்களாம்மா?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலம். உள்ளே, அரிவாள்மனையில் சரிபாதியாக நறுக்கிய மாத்திரைகள். "காபிப் பழம் பறிக்கிற நேரம் டாக்டரம்மா. கீழ வந்தா ரெண்டு பேரு கூலியும் போயிடுது. அதான் ஒரு மாச மாத்திரைய ரெண்டு மாசத்துக்கு இழுத்தேன்."

இப்படி வருகிறவர்களின் சீட்டில் 'மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது எங்களுக்குப் பழக்கம். அந்த அம்மா ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிட்டதில்லை. தவறு இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டிய தூரத்தில் இருந்தது.

இந்தத் தூரம் மலைக்கு மட்டும் உரியதல்ல. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு நோய் வேறுபட்டாலும் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்றது. வீட்டுக்கே போய்ப் பார்த்தால் என்ன ஆகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். கோவா, சதாரா, நம் காஞ்சிபுரம் ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு நோய் உள்ள 282 பேரிடம் நடந்த ஆய்வு, 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருத்துவர் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்களின் உதவியும் ஒரு வருடம் கிடைத்தவர்களுக்கு நோய்க்குறிகளும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்தன. முன்னேற்றம் மிதமானதுதான். ஆனால் வேலைக்குப் போக முடியாமல் முடங்கிய ஒருவருக்கு அந்த மிதமே பெரிது என்று நினைக்கிறேன்.

சட்டமும் இதையேதான் கேட்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, சமூக சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள அரசு மருத்துவமனைகளில் அடிப்படை மனநலச் சிகிச்சையும் அவசரச் சிகிச்சையும் இருக்க வேண்டும். அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளை இலவசமாகத் தர வேண்டும். கேட்பது உங்கள் உரிமை, சலுகை அல்ல. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடிப் போகின்றன. மனநோய் மாத்திரையும் எல்லா ஊரிலும் அதே பையில் போக வேண்டும்.

அதுவரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: மாத்திரையை நீங்களாக நறுக்காதீர்கள். அளவு பாதியானால் நோய் திரும்பக்கூடும். சில மாத்திரைகளை வெட்டவே கூடாது. வர முடியாத மாதம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அதிக நாளுக்கு எழுதித் தர முடியுமா என்று பார்ப்போம். சிலருக்கு சில வாரங்களுக்கு ஒரு முறை போடும் ஊசியும் உண்டு. பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

அந்த அம்மாவின் மகனுக்கு இப்போது ஊசிதான். அடுத்த ஊசி எப்போது என்று காலண்டரில் அவனே வட்டம் போட்டு வைத்திருக்கிறானாம்.