கவுண்ட் கொறஞ்சா உடனே ரத்தம் கொட்டிருமா? நாள்பட்ட ஐடிபி பத்தி கொஞ்சம் விவரமா

நம்ம நெல்லைப் பக்கம் பிளேட்லெட்டுன்னாலே டெங்குதான். மழ பெஞ்சு ஓஞ்சு கொசு கெளம்புனா போதும், டீக்கடையில கூட "கவுண்ட் எத்தன வே?"ன்னுதான் பேச்சு. டெங்குல எறங்குன கவுண்டு காய்ச்சல் தெளிஞ்சதும் பெரும்பாலும் தானா ஏறிரும். வருசக்கணக்கா ஏறாமலே கெடக்கிறவங்களும் இருக்காவ. அதுக்கு ஒரு காரணம்தான் ஐடிபி (இம்யூன் த்ரோம்போசைட்டோபீனியா), ஒடம்போட எதிர்ப்பு சக்தியே பிளேட்லெட்ட அழிக்கிற நோய், 12 மாசத்துக்கு மேல நின்னுட்டா நாள்பட்டதுன்னு கணக்கு. எங்க மைனிக்கு அதான். ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துதாவ, பாக்க வாறவங்க எல்லாம் டெங்குக்குச் சொல்ற பப்பாளி இலச் சாறையே இதுக்கும் சொல்லிட்டுப் போறாவ. ரெண்டும் வேற வேற சங்கதி.

எலும்பு மஜ்ஜைக்குள்ள மெகாகேரியோசைட்டுன்னு ஒரு பெரிய செல் இருக்கு. அது தன் ஒடம்ப நீட்டி ரத்தக் குழாய்க்குள்ள விட்டு துண்டு துண்டா உதுத்து விடும், ஒரே செல்லுல இருந்து ஆயிரக்கணக்குல, அந்தத் துண்டுங்கதான் பிளேட்லெட். 1906ல ஜேம்ஸ் ஹோமர் ரைட் இதச் சொன்னாரு. உட்கரு கெடையாது, ஆயுசு ஏழுல இருந்து பத்து நாள், ரத்தக் குழாய் எங்க கிழிஞ்சாலும் மொதல்ல போய் ஒட்டிக்கிடுறது அதுதான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 1.5 லட்சத்துல இருந்து 4.5 லட்சம் வரைக்கும் இருக்கணும்.

ஐடிபில என்ன நடக்குதுன்னா, கிருமியப் பிடிக்கதுக்குன்னு ஒடம்பு செய்யுத ஆன்டிபாடி நம்ம பிளேட்லெட்டு மேலேயே போய் ஒட்டிக்கிடும். அப்படி ஒட்டுனது மண்ணீரல் வழியா போகும்போது அங்க இருக்க மேக்ரோஃபேஜ் செல்லுங்க அதப் பிடிச்சு முழுங்கிரும். பீடி நல்லாத்தான் சுத்தியிருக்கும், கடையில எண்ணி வாங்குறவரு "இது ஆகாது, அது ஆகாது"ன்னு கழிச்சுத் தள்ளுனா கணக்குல எங்க நிக்கும்? மைனிக்கு நான் இப்படித்தான் சொன்னேன், டக்குன்னு புரிஞ்சுக்கிட்டாவ. இது போக பல பேருக்கு மஜ்ஜையில உற்பத்தியும் பத்தாமப் போகும், ஏன்னா அந்த ஆன்டிபாடி மெகாகேரியோசைட்டையும் விடாது.

இத நிரூபிச்ச கத கொஞ்சம் கிறுக்குத்தனமானது. 1950ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல வில்லியம் ஹாரிங்டன்னு ஒரு இளம் டாக்டர், ஐடிபி இருந்த ஒரு அம்மாவோட ரத்தத்த தன் ஒடம்புலயே ஏத்திக்கிட்டாரு. சில மணி நேரத்துல அவரு கவுண்டு அடியோட எறங்கி வலிப்பே வந்துருச்சு, அப்புறம் சில நாள்ல தேறிட்டாரு. ரத்தத்துல இருக்க ஏதோ ஒண்ணுதான் பிளேட்லெட்ட அழிக்குன்னு அதுலதான் தெளிவாச்சு. இப்ப எந்த ஆஸ்பத்திரியிலயும் இப்படிப் பண்ண விடமாட்டாவ.

"பிளேட்லெட் பாட்டில் ரெண்டு ஏத்திட்டா சரியாப் போகும்லா?"ன்னு கேக்கிறவங்களுக்கும் பதில் இதுலயே இருக்கு. ஏத்துறதயும் அது விட்டு வைக்காது, சீக்கிரமே அழிச்சிரும். அதனால உசுருக்கு ஆபத்தான ரத்தக்கசிவு, அவசர ஆபரேசன்னாதான் ஏத்துவாவ.

மைனிக்கு கவுண்டு 30,000க்கும் 50,000க்கும் நடுவுல ஆடிக்கிட்டு இருக்கும். ரிப்போர்ட்டப் பாத்தா நமக்கு பகீர்னு இருக்கும், டாக்டர் என்னடான்னா "ரத்தம் எதுவும் கசியலியே, சும்மா இருங்க"ன்னு அனுப்பிருதாரு. அதுல அர்த்தம் இருக்கு. பழசு எல்லாம் அழிஞ்சு போறதால ரத்தத்துல நிக்கிறது பெரும்பாலும் புதுசா எறங்குன இளசுங்க, பெருசாவும் இருக்கும், வேலையிலயும் சுறுசுறுப்பு. மஜ்ஜை கெட்டுப் போய் கவுண்டு கொறஞ்சவங்க அளவுக்கு இவங்களுக்கு ரத்தம் கசியாது. பெரியவங்களுக்கு 30,000க்கு மேல இருந்து கசிவும் இல்லன்னா பொதுவா மருந்தே குடுக்காம கவனிச்சுக்கிட்டு வருவாவ. இன்னொண்ணு, சில பேரு ரத்தம் அந்த ஊதா மூடி டியூபுல ரத்தம் ஒறையாம இருக்கப் போட்டிருக்க ஈடிடிஏ மருந்து பட்டதும் பிளேட்லெட் எல்லாம் கட்டி கட்டியா ஒட்டிக்கிடும், மிஷினு அத எண்ணத் தெரியாம கொறச்சுக் காட்டும். ஒரு சொட்ட கண்ணாடித் துண்டுல தடவி (ஸ்மியர்) மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் குட்டு வெளிப்படும்.

அப்ப எதப் பாக்கணும்? கணுக்காலுக்கு மேல குண்டூசித் தல அளவுக்கு செவப்புப் புள்ளி வந்திருக்கும், கண்ணாடி டம்ளர வச்சு அமுக்குனா கொசுக்கடித் தடிப்பு வெளுக்கும், இது வெளுக்காது. ஈறுல ரத்தம், நிக்காத மூக்கு ரத்தம், மாசவெலக்குல அதிகப் போக்கு, வாய்க்குள்ள ரத்தக் கொப்புளம், இதெல்லாம் உடனே டாக்டர்கிட்ட சொல்லணும். தலையில அடிபட்டாலோ திடீர்னு தாங்க முடியாத தலவலி வந்தாலோ யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும், பாளையங்கோட்டையில இருக்கவங்களுக்கு ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி இருக்கவே இருக்கு.

மருந்துன்னா மொதல்ல ஸ்டீராய்டு. வேகமா ஏத்தும், கூடவே மொகம் வீங்கும், சுகர் ஏறும், தூக்கம் கெடும், அதனால ரொம்ப நாள் ஓட்ட முடியாது, அதுக்காக நாமளா பட்டுன்னு நிறுத்தவும் கூடாது. மண்ணீரல எடுக்கிறது 1916லேயே தொடங்குன வைத்தியம், முக்கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மியான பேருக்கு நின்னு பலன் குடுக்கும், ஆனா கிருமித் தொற்று பயம் ஆயுசுக்கும் கூடவே வரும், ஆபரேசனுக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டுக்கிடணும்.

புதுசா வந்ததுல எனக்குப் பிடிச்சது எல்ட்ரோம்போபாக், 2008ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சது. அழிக்கிறவன அடக்காம, அவன் அழிக்கிறத விட வேகமா செய்யச் சொல்லி மஜ்ஜையத் தூண்டிவிடும். ஒரே தொல்ல, கால்சியமும் இரும்பும் அதப் பிடிச்சு வச்சுக்கிட்டு ஒடம்புல சேர விடாது. பால் டீ, தயிர்ச்சோறு, கேப்பக்களி எதுவா இருந்தாலும் சாப்பிட்டு நாலு மணி நேரம் கழிச்சுப் போடணும், இல்லன்னா மாத்திர போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் அதச் சாப்பிடணும். காலையில கண்ண முழிச்சதும் டீ கேக்கிற ஊர்ல இது லேசுப்பட்ட காரியம் இல்ல!

கவுண்ட விட எனக்குப் பயம் மெடிக்கல் ஷாப்புதான். நாளெல்லாம் சொளவ மடியில வச்சு குனிஞ்சே ஒக்காந்தா கழுத்தும் இடுப்பும் கழண்டு போகும், "மேலுவலிக்கு ரெண்டு மாத்திர தாங்க"ன்னா கைக்கு வாறது டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரூஃபனோதான். அதுங்க பிளேட்லெட்ட அழிக்காது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற வேலைய நிறுத்தி வைக்கும். ஆஸ்பிரின் இன்னும் மோசம், அது பட்ட பிளேட்லெட் சாகுற வரைக்கும் பழையபடி வேல செய்யாது. இருக்கிற 30,000மும் ஒழுங்கா ஒட்டலன்னா அந்த நம்பர வச்சு என்ன செய்ய? வலிக்கு பாரசிட்டமால், அதுவும் அளவோட. இடுப்பு ஊசின்னா தசைக்குள்ள ரத்தம் கட்டிக்கிடும், பல்லு புடுங்கணும்னாலும் ஐடிபி இருக்குன்னு மொதல்லயே சொல்லிறணும், வாய் கழுவ மருந்து, ரத்தக்கசிவ கொறைக்கிற டிரனெக்ஸாமிக் ஆசிட் மாத்திரன்னு அவிய முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிக்கிடுவாவ.