பூட்டு எந்த இடத்தில் தோற்கும்?

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் அக்கா குடும்பம் இருக்கிறது. ஒருநாள் காலை ஆறு மணிக்கு அத்தான் போன் எடுத்தார். "சைக்கிள் நிக்குது, பற்றரியைக் காணேல்லை. ஒருக்கா வந்து பாரும்."

போய்ப் பார்த்தேன். மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தண்ணீர்க் குழாயோடு சேர்த்துச் சங்கிலி போட்டிருந்த மின்சார சைக்கிள் அப்படியே நின்றது. சங்கிலியில் ஒரு கீறல்கூட இல்லை. பற்றரி உட்காரும் தண்டவாளம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதன் கீழ் முனையில் ஒரு சின்னப் பூட்டு. திறப்பைப் போட்டுத் திருப்பினால் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு நாக்கு வெளியே வந்து, பற்றரியின் பிளாஸ்டிக் உறையில் இருக்கும் துளைக்குள் நுழையும். அந்த நாக்கு வளைந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் வெள்ளையாகக் கீறுப்பட்டிருந்தது. தட்டையான ஸ்க்ரூட்ரைவர் ஒன்றை உள்ளே விட்டு நெம்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான் வேலை.

2022இல் எண்ணெய் வரிசையில் இரவிரவாக நின்ற அலுப்பில், இனிமேல் பெட்ரோலை நம்பமாட்டேன் என்று சொல்லி அத்தான் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி அது. சங்கிலிக்கு நல்ல காசு கொடுத்திருந்தார். ஆனால் சங்கிலி காத்தது சைக்கிளை. கள்ளன் வந்தது பற்றரிக்கு. எந்தப் பாதுகாப்பும் ஏதோ ஓர் இடத்தில் தோற்கத்தான் செய்யும். அந்த இடம் எது என்று தெரிந்தால்தான் அங்கே வேறொன்றை வைத்துத் தடுக்கலாம். அன்றிலிருந்து நானும் அவரும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

பற்றரியில் தொடங்குவோம். அத்தானுடையது 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி. உறையைத் திறந்தால் உள்ளே சின்ன டோர்ச் லைட்டுக்குப் போடும் AA பற்றரியைவிடக் கொஞ்சம் பெரிய லிதியம் அயன் கலங்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் கடைக்காரர்கள் அவற்றை 18650 என்று சொல்கிறார்கள். ஒரு கலம் 3.6 வோல்ட் தரும். பத்தைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட். அப்படி நான்கு வரிசையைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் மொத்தம் 40 கலங்கள், 360 வாட் மணி. இவ்வளவும் ஒரு பள்ளிக்கூடப் பைக்குள் அடங்கிவிடும். சைக்கிளின் விலையில் பெரிய பங்கு அதற்குள்தான் இருக்கிறது. இன்னொரு விஷயம், சாதாரணப் பற்றரிகள் ஆள் பார்ப்பதில்லை. இரண்டு முனையிலும் 36 வோல்ட் இருக்கும், யார் எதில் மாட்டினாலும் வேலை செய்யும். கலங்களைத் தனித்தனியாகப் பிரித்து வேறு பொருளுக்கும் போடலாம்.

ஜேர்மனியின் பொஷ் போன்ற நிறுவனங்கள் தங்கள் புதிய வண்டிகளில் மோட்டாரைக் கைப்பேசி மூலம் பூட்டிவைக்கும் வசதியைக் கொடுக்கின்றன. உரிமையாளரின் போன் அருகில் இல்லாவிட்டால் மோட்டார் உதவி செய்யாது. நல்ல யோசனை. ஆனால் மிதித்துக்கொண்டு போவதை அது தடுக்காது. நம் ஊர் ஒழுங்கைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் அந்த வசதியும் இல்லை. ஆகவே பற்றரிக்கு எளிய வழி ஒன்றுதான், இரவில் கழற்றி மேலே கொண்டுபோவது. வீட்டிலும் அதைக் கதவுக்குப் பக்கத்திலோ வெயில் விழும் ஜன்னலோரத்திலோ வைக்கவேண்டாம். லிதியம் கலம் ஒன்று பழுதாகித் தீப்பிடித்தால் பக்கத்துக் கலங்களுக்கும் பரவும், அந்த நேரத்தில் வெளியே ஓடும் வழி திறந்திருக்கவேண்டும்.

அடுத்தது மோட்டார். "இதில் சில்லை இறுக்கும் அலாரம் இருக்கிறது, தள்ளிக்கொண்டு போகவே முடியாது" என்று சில கடைகளில் சொல்வார்கள். அது எப்படி நடக்கிறது என்று வீட்டிலேயே பார்த்தோம். என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் அழகான பகுதி இதுதான்.

பின்சில்லின் நடுவில் இருக்கும் குடத்துக்குள்தான் மோட்டார். வெளி வளையத்தில் காந்தங்கள், உள்ளே கம்பிச் சுருள்கள். மூன்று தடித்த வயர்கள் வெளியே வரும், வழக்கமாக மஞ்சள், பச்சை, நீலம். பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த மூன்று வயரையும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருந்து பிரித்தோம். சில்லைத் தூக்கிச் சுற்றினால் லேசாகச் சுற்றியது. அப்புறம் மூன்று முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தோம். சில்லு சட்டென்று பாரமாகிவிட்டது. அத்தான் இரண்டு மூன்று தடவை வயரைப் பிரித்தும் சேர்த்தும் பார்த்தார். பற்றரியே இல்லாத வண்டி தன்னைத்தானே பிடித்து நிறுத்துகிறது.

காந்தம் சுருளைக் கடந்து ஓடும்போது சுருளில் மின்னோட்டம் தூண்டப்படும் என்று 1831இல் விஞ்ஞானி பரடே காட்டினார். அப்படித் தோன்றும் மின்னோட்டம், தன்னைத் தோற்றுவித்த அசைவை எதிர்க்கும் திசையில்தான் ஓடும் என்பது 1834இல் லென்ஸ் என்ற விஞ்ஞானி சொன்ன விதி. வயர் பிரிந்திருந்தால் மின்னோட்டம் ஓட வழியில்லை, எதிர்ப்பும் இல்லை. சேர்த்துவிட்டால் சில்லைச் சுற்றும் நம் கையின் சக்தியே மின்னாக மாறி, திரும்பி வந்து நம்மையே தடுக்கிறது. அலாரப் பெட்டி செய்வதும் இந்த வேலையைத்தான், சுவிட்ச் மூலமாக.

சரி, இது எங்கே தோற்கும்? குளத்துத் தண்ணீருக்குள் கையை இழுத்துப் பாருங்கள். வேகமாக இழுத்தால் தண்ணீர் பலமாகத் தடுக்கும், மெதுவாக நகர்த்தினால் விட்டுக்கொடுக்கும். இந்த மின்தடுப்பும் அப்படித்தான். நின்ற இடத்தில் அதற்குப் பலமே இல்லை. ஏறி மிதித்து ஓடுவது கஷ்டம், ஆனால் நிதானமாக உருட்டலாம். பின்சில்லைத் தூக்கி முன்சில்லில் தள்ளிக்கொண்டும் போகலாம். அதைவிட முக்கியமானது, குடத்துக்குள் பற்சக்கரம் வைத்த சின்ன மோட்டார்களில் ஒருவழிக் கிளட்ச் ஒன்று இருக்கும். மோட்டார் ஓடாதபோது சில்லு தடையில்லாமல் முன்னோக்கி ஓடுவதற்காக வைத்தது அது. அந்த வகை வண்டியில் வயரைச் சேர்த்தாலும் முன்பக்கம் உருட்டும்போது ஒன்றும் நடக்காது. உங்களுடையது எந்த வகை என்று அறிய, பற்றரி அணைந்திருக்கும்போது சில்லைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். முன்னோக்கி லேசாகவும் பின்னோக்கிப் பாரமாகவும் இருந்தால் உள்ளே அந்தக் கிளட்ச் இருக்கிறது. வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. எனக்கு அது உண்மையிலேயே கவலை தருகிறது.

அலாரத்தின் சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அசைவை உணரும் மிகச் சின்ன சிப் ஒன்றுக்குள் நுண்ணிய சிலிக்கன் துண்டு ஒன்று தொங்குகிறது. வண்டி அசைந்தால் அது இடம் மாறும், சத்தம் வரும். பஸ் போனாலும் வரும், மழை அடித்தாலும் வரும். நாளுக்கு ஐந்து தடவை கத்தினால் ஆறாவது தடவை யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். உணர்திறனைக் குறைத்து வையுங்கள்.

இப்போது இரும்புக்கு வருவோம். கள்ளனின் பழைய ஆயுதம் நீளப் பிடி வைத்த போல்ட் கட்டர். பிடி 75 சென்டிமீட்டர், வாய் அச்சில் இருந்து இரண்டரை சென்டிமீட்டர் என்றால், வெறும் நெம்புகோல் கணக்கிலேயே விசை 30 மடங்காகும். ஒருவர் 40 கிலோ பாரத்தால் அழுத்தினால் வாயில் 1,200 கிலோ. நல்ல கட்டர்களில் இரட்டை நெம்புகோல் இருப்பதால் அது இன்னும் கூடும். பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் பூட்டு பார்க்கத் தடிப்பாக இருக்கும். உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே இருப்பது முறுக்கிய மெல்லிய கம்பிகள். கட்டர் அவற்றை ஒவ்வொன்றாகக் கடித்து முடித்துவிடும்.

சங்கிலியில் பார்க்கவேண்டியது தடிப்பும் தோய்ச்சலும். கொல்லன் கத்தியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதை ஊரில் பார்த்திருப்பீர்கள். சிவக்கக் காய்ந்த உருக்குச் சடாரெனக் குளிரும்போது உள்ளே இருக்கும் கரி அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் அப்படியே சிக்கிக்கொள்கின்றன. அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க முடியாமல் போகிறது, உருக்கு கடினமாகிறது. அளவுக்கு மீறினால் கண்ணாடிபோல நொறுங்கும் என்பதால், நல்ல சங்கிலியில் மேல்தோலை மட்டும் மிகக் கடினமாக்கி உள்ளே கொஞ்சம் இளக்கமாக விடுவார்கள். பழைய சோனகர் தெரு ஹார்ட்வெயர் கடைகளில் மீற்றர் கணக்கில் வெட்டித் தரும் சங்கிலி பாரம் தூக்கச் செய்தது. பலமானதுதான், ஆனால் பெரும்பாலும் தோய்ச்சல் இல்லாதது. வீட்டில் ஒரு அரம் இருந்தால் சங்கிலியின் ஒரு வளையத்தில் தேய்த்துப் பாருங்கள். அரம் கடித்துப் பொடி கொட்டினால் கட்டரும் கடிக்கும். கீச்சென்று வழுக்கினால் நல்ல உருக்கு. அத்தானின் சங்கிலியில் அரம் வழுக்கியது, அதை வாங்கியதில் அவர் ஏமாறவில்லை.

யூ வடிவப் பூட்டு வாங்குவதானால் சின்னதாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே வெற்றிடம் மிச்சமிருந்தால் அதற்குள் குழாயையோ ஜாக்கையோ செருகி நெம்பலாம். வளைவின் இரண்டு காலும் பூட்டுக்குள் மாட்டுவதாக இருக்கவேண்டும். ஒரு கால் மட்டும் மாட்டும் வகையில் ஓர் இடத்தில் அறுத்தாலே முறுக்கித் திறந்துவிடலாம். வட்டத் துளையில் குழாய் போன்ற திறப்பு நுழையும் பூட்டு வேண்டவே வேண்டாம். 2004இல் அமெரிக்காவில், அப்படிப்பட்ட விலை உயர்ந்த பூட்டுகளைச் சாதாரண போல்பொயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயால் திறந்து காட்டினார்கள். பிளாஸ்டிக் இளகி ஊசிகளின் அளவுக்குத் தன்னை மாற்றிக்கொண்டது. அவற்றைச் செய்த நிறுவனம் இலட்சக்கணக்கான பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டிவந்தது.

எந்த உருக்கும் தோற்பது பற்றரியில் ஓடும், இரும்பு அறுக்கும் கிரைண்டரிடம். 115 மில்லிமீட்டர் தட்டு நிமிடத்துக்கு 11,000 தடவை சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 240 கிலோமீட்டர் அளவு வேகத்தில் ஓடும். விளிம்பில் ஒட்டியிருக்கும் துணிக்கைகள் பெரும்பாலும் அலுமினியம் ஒக்சைட். இரத்தினபுரி மண்ணில் கிடைக்கும் நீலக்கல்லும் அதே பொருள்தான். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசையில் இருப்பது. தோய்த்த உருக்கு அதன் முன்னால் நிற்காது. அண்மையில் வந்த சில பூட்டுகள் மட்டும் உருக்கின்மேல் பீங்கான் துணிக்கை கலந்த பூச்சை வைத்துத் தட்டையே தேய வைக்கின்றன. விலை அதிகம். மற்றவர்களுக்கு உதவுவது கிரைண்டரின் கூச்சலும் தீப்பொறியும்தான். சுவரோரத்து இருட்டைவிட, காவலாளியின் கதிரை தெரியும் இடம் நல்லது.

ஜிபிஎஸ் கருவி திருட்டைத் தடுக்காது, திருடிய பிறகு தேடத்தான் உதவும். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் நேரத்தை அறிவித்தபடி இருக்கின்றன. நான்கு செய்மதிகளின் சைகை எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்துக் கருவி தன் இடத்தைக் கணிக்கிறது. ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீற்றர் தள்ளிக் காட்டும். அந்தச் சைகை பூமிக்கு வரும்போது மிக மெலிந்திருக்கும், கொங்கிரீட் கூரைக்குக் கீழே வராது. அத்தோடு கருவிக்கு உள்ளே ஒரு சிம் இருக்கிறது. அதில் காசு முடிந்தால் இடம் தெரிந்தும் சொல்ல வாயில்லை. புளூடூத் வில்லைகள் வேறு விதம். அவை அருகில் போகிறவர்களின் போனைப் பிடித்துத் தங்கள் இடத்தைச் சொல்லும். காலி வீதி நெரிசலில் நன்றாக வேலை செய்யும், பூட்டிய களஞ்சியத்துக்குள் செய்யாது. தெரியாத வில்லை கூடவே வருகிறது என்று கள்ளனின் போனும் அவனை எச்சரிக்கலாம். ஆட்களைப் பின்தொடராமல் இருக்க வைத்த ஏற்பாடு அது, இருக்கவும் வேண்டும். இடம் தெரிந்தால் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். பொலிஸின் 119க்கு அழையுங்கள். சைக்கிளின் சட்டகத்தில் பொறித்த இலக்கத்தையும் பற்றரியின் தொடர் இலக்கத்தையும் இன்றைக்கே படம் எடுத்து வைத்தால் முறைப்பாட்டில் எழுத ஏதாவது இருக்கும்.

கடைசியாக எங்களை உலுக்கியது அந்தத் தண்ணீர்க் குழாய். இவ்வளவு நல்ல சங்கிலியை அத்தான் கட்டியிருந்தது பிவிசி குழாயில். ஒரு சின்ன வாள் போதும், சங்கிலியும் பூட்டும் சைக்கிளோடு சேர்ந்தே போயிருக்கும்.

நிர்வாகக் குழுவிடம் அனுமதி வாங்கி, தரைத்தளத் தூணில் ஒரு உருக்கு வளையம் பூட்டினோம். கொங்கிரீட்டில் துளை போட்டு, தூசியை ஊதி எடுத்து, விரியும் போல்ட்டை உள்ளே விட்டு இறுக்கினால் அதன் அடியில் உள்ள கூம்பு மேலே இழுபட்டு உறையை விரிக்கும். விரிந்த உறை துளையின் சுவரை நெருக்கிப் பிடிக்கும். கொங்கிரீட் நெருக்குதலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால் தூணின் விளிம்பை விட்டு நன்றாக உள்ளே துளைத்தோம், இல்லாவிட்டால் விளிம்பு உடைந்து வரும். கடல் காற்றில் உப்பு இருப்பதால் நாகம் (துத்தநாகம்) பூசிய போல்ட்டாகவே வாங்கினோம்.

நான்கு போல்ட்டும் இறுகிய பிறகு அத்தான் கேட்டார். "நாங்கள் அலன் கீயால இறுக்கினதை அவன் அலன் கீயால கழட்டமாட்டானோ?"

பழைய சைக்கிளின் பின்சில்லுக் குடத்தில் இருந்து குண்டுகள் எடுத்து வைத்திருந்தேன். போல்ட் தலையில் அலன் கீ நுழையும் அறுகோணக் குழி 6 மில்லிமீட்டர், குண்டு 6.35. ஒவ்வொரு குழியிலும் ஒரு குண்டை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். நாலாவது அடியில் குண்டு உள்ளே போய் நெருங்கி உட்கார்ந்தது. தோய்ச்சல் ஏறிய உருக்கு, துளைக்கருவியின் முனையும் அதில் வழுக்கும். அத்தான் அலன் கீயை ஒவ்வொரு தலையிலும் வைத்துப் பார்த்தார். நுழைய இடமில்லை. பிறகு புதுப் பற்றரியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினார்.